பதினான்காயிரம் அடியில் ஒரு சந்தனப் பொட்டு

இப்போது வரும் கம்ப்யூட்டர் டிஸ்கில் சுழல்வது எதுவும் இல்லையாம். தட்டு இல்லை, முனை இல்லை, சத்தம் இல்லை. போன மாதம் அம்பத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் அலுவலகத்தில் என்னைப் பேச அழைத்திருந்தார்கள். பெண்கள் தினம். என்னைப் போல் ஓய்வு பெற்றவர்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை ஒரு சால்வையும் ஒரு பூச்செடித் தொட்டியும் கிடைக்கும் நாள். பேசி முடித்ததும் ஒரு பெண் எழுந்தாள். "மேடம், பழைய ஹார்ட் டிஸ்க் மேல சின்னதா ஒரு ஓட்டை இருக்கும். பக்கத்துலயே 'இதை மூடாதே'ன்னு எழுதியிருக்கும். அது எதுக்கு?" என்று கேட்டாள்.

மூச்சு விட, என்றேன். அரங்கம் முழுக்கச் சிரிப்பு. அம்மா நன்றாக ஜோக் அடிக்கிறார்கள் என்று கைதட்டல் வேறு. அந்த ஓட்டையால் ஒருத்தியின் வேலை போக இருந்தது என்பதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கேக் வெட்ட நேரமாகிவிட்டது. கேக்குக்கு முன்னால் என் அனுபவம் எம்மாத்திரம்? அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் ஆவடியில் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தேன். சால்டரிங் அயர்னின் எந்தப் பக்கம் சுடும் என்பதை அங்கே கற்றேன். மற்றதை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி கற்றுக்கொடுத்தது. கம்பெனி என்றவுடன் கண்ணாடிக் கட்டடத்தை நினைக்க வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஷெட். வெளிநாட்டிலிருந்து பாகங்கள் வரும். அவற்றைத் தகரப் பெட்டிக்குள் வைத்து ஸ்க்ரூ முடுக்கி, மேலே எங்கள் பெயரை ஒட்டினால் சுதேசித் தயாரிப்பு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாட்டின் தொழில்நுட்பப் புரட்சியை இப்படித்தான் நாங்கள் முடுக்கிவிட்டோம்.

எங்கள் மேனேஜர் கோதண்டம் சார். குரலை உயர்த்தவே மாட்டார். சட்டைப்பையில் இருக்கும் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மூடியைப் பேனாவின் பின்பக்கம் செருகுவார். அதுவரை யாரும் பேசக் கூடாது. பிறகு மெதுவாக ஒரு கேள்வி வரும்.

"கடைசியா தொட்டது யாரு?"

மெஷின் ஓடவில்லையா, பிரிண்டரில் பேப்பர் சிக்கியதா, கழிவறைக் குழாய் ஒழுகுகிறதா, எல்லாவற்றுக்கும் அவரிடம் இந்த ஒரே கேள்விதான் இருந்தது. எது கெட்டாலும் கடைசியாகத் தொட்டவர்தான் குற்றவாளி. ஏன் கெட்டது என்பதெல்லாம் வெட்டியாக இருப்பவர்கள் கேட்கும் கேள்வி என்பது அவர் எண்ணம். மெமோ உடனே கைக்கு வரும். மூன்று மெமோ வாங்கினால் வீட்டுக்குப் போகலாம்.

இப்படி ஒரு மேனேஜர் இருந்தால் தொழிலாளிகள் என்ன செய்வார்கள்? எங்கள் ஷெட்டில் யாரும் கடைசி ஸ்க்ரூவை முடுக்க மாட்டார்கள். ஒரு பெட்டிக்கு ஆறு ஸ்க்ரூ என்றால் ஐந்தை முடுக்கிவிட்டு, தண்ணீர் குடிக்கப் போவது போலப் போய்விடுவார்கள். மேசை முழுக்க ஒரு ஸ்க்ரூ குறைவாக மெஷின்கள் நிற்கும். லாரி வாசலில் ஹாரன் அடிக்கும். அப்போது எல்லாருமே ஒரு பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பக்கம் தேவகி இருப்பாள்.

தேவகிக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவு. முத்தாபுதுப்பேட்டையிலிருந்து பஸ்ஸும் மின்சார ரயிலும் மாறி வருவாள். அவள் அப்பா அம்மா வயல் கூலிக்குப் போனவர்கள். புருஷனுக்கு ஒரு பட்டறையில் பிரஸ்ஸில் கை மாட்டிக்கொண்டதிலிருந்து அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை வைத்தார்கள். ஆள் ஒல்லி. வாய் மட்டும் நல்ல கனம். "இன்னாக்கா இது, ஆளாளுக்கு ஒரு ஸ்க்ரூவ பாத்து பயந்துகினு. லாரிகாரன் எம்மா நேரம் நிப்பான்?" என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுப்பாள். அந்த வரிசையில் நிற்கும் எல்லா மெஷினுக்கும் கடைசி ஸ்க்ரூ அவளுடையது. அதனால் மெமோவும் அவளுடையது. இந்தக் கதை தொடங்கும்போது அவள் கணக்கில் ஒன்று ஏறியிருந்தது.

அப்போதுதான் அந்த ஆர்டர் வந்தது. மீனம்பாக்கத்தில் ஒரு சர்வே கம்பெனி, சின்ன விமானம் வைத்து மலைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. எந்தப் படம் எந்த இடத்தில், எந்த உயரத்தில் எடுத்தது என்பதைப் பறக்கும்போதே பதிவு செய்ய விமானத்துக்குள் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். கோதண்டம் சார் அகராதியில் முடியாது என்ற சொல் இல்லை. முடிக்கிற வேலை அவருடையது அல்ல என்பதால் அந்தச் சொல் அவருக்குத் தேவைப்படவில்லை. "அம்பத்தூர்ல ஓடுற மெஷின் ஆகாசத்துல ஓடாதா? அங்க கரண்ட் கட் கூட இல்லயே" என்று ஒப்புக்கொண்டார்.

மெஷின் போனது. விமானம் மலைகளின் மேல் ஏறியது. பத்தாயிரம் அடி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஹார்ட் டிஸ்க் செத்தது. அன்றைய படங்களில் எது எந்த மலை என்று யாருக்கும் தெரியவில்லை. புது டிஸ்க் போட்டு அனுப்பினோம். அதுவும் அதே உயரத்தில் உயிரை விட்டது. ஷெட்டில் வைத்துப் பார்த்தால் புது டிஸ்க் ஒவ்வொன்றும் நாள் முழுக்கச் சமர்த்தாக ஓடியது.

பேனா மூடி கழன்றது. கேள்வி வந்தது. டிஸ்கைப் பெட்டிக்குள் பொருத்திக் கடைசி ஸ்க்ரூவை முடுக்கியவள் தேவகி. இரண்டாவது மெமோ. இந்த முறை காரணமும் கண்டுபிடித்திருந்தார். தேவகி தலையில் வைத்திருந்த மல்லிகைப் பூவின் மகரந்தம் டிஸ்குக்குள் போய்விட்டதாம். சீல் வைத்து வரும் டிஸ்குக்குள் பூ எப்படிப் போகும் என்று நான் கேட்டேன். "மகரந்தம் ரொம்ப நைஸ் பவுடர், பத்மா" என்று எனக்குத் தாவரவியல் எடுத்தார். மறுநாள் முதல் ஷெட்டில் பூவுக்குத் தடை. தலையில் பூ இல்லாமல் வந்த பெண்கள் கோதண்டம் சாரை என்னென்ன சொல்லித் திட்டினார்கள் என்பதை இந்தப் பத்திரிகை அச்சிடாது.

தேவகி மட்டும் திட்டவில்லை. சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். "இன்னும் ஒன்னு வந்தா ஊட்டுக்குப் போ சொல்லிடுவாருக்கா. எங்கூட்டுக்காரருக்கு இன்னான்னு சொல்லுவேன்?" என்றாள். அவள் அப்படிக் குரல் தாழ்ந்து பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அந்த மனிதர் மேல் அப்படியொரு கோபம் வந்தது.

டிஸ்கோடு வந்த கையேட்டை எடுத்துப் பார்த்தேன். பத்தாயிரம் அடி வரைதான் இயங்கும் என்று டிஸ்க் செய்தவனே அச்சடித்து வைத்திருந்தான். காரணம் பெரிய ரகசியமல்ல. டிஸ்குக்குள் தட்டு வேகமாகச் சுழலும்போது காற்றும் கூடவே சுழலும். எழுதும் முனை அந்தக் காற்றின் மேல்தான் மிதக்கிறது. தலைமுடியைவிட மெல்லிய இடைவெளி. உயரே போகப்போகக் காற்று குறையும். அந்த ஓட்டை வழியாக டிஸ்குக்குள் இருக்கும் காற்றும் வெளியேறும். பெரிய பயணி விமானத்தில் கேபினுக்குள் காற்றை அடைத்து வைத்திருப்பார்கள். சின்ன விமானத்தில் அந்த வசதி கிடையாது. தாங்கக் காற்றில்லாத முனை தட்டில் இறங்கி உரசும். அதோடு டிஸ்கின் கதை முடிந்தது.

கையேட்டைக் கோதண்டம் சாரிடம் நீட்டினேன். கண்ணாடியை ஏற்றி, இறக்கி, பொறுமையாகப் படித்தார்.

"இது அந்த ஊர்க் காத்துக்குப் போட்டது. நம்ம ஊர்க் காத்து கொஞ்சம் திக்கா இருக்கும்" என்றார்.

இனிமேல் நியாயம் பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. அவர் கேள்வியை வைத்தே அவரை மடக்குவோம் என்று முடிவு செய்தேன். வெளியே போகும் ஒவ்வொரு பெரிய ஆர்டருக்கும் எங்கள் ஷெட்டில் சின்னதாக ஒரு பூஜை உண்டு. "சார், மூணாவது டிஸ்கை நீங்களே பொருத்தி, உங்க கையாலயே பொட்டு வெச்சு அனுப்புங்க. ராசியான கை" என்றேன். கரும்பு தின்னக் கூலியா? சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். டிஸ்கைப் பொருத்தினார். எல்லாரும் பார்க்கக் கடைசி ஸ்க்ரூவை முடுக்கினார். பிறகு சந்தனத்தை வழித்து, எங்கே வைக்கலாம் என்று டிஸ்கின் மேல் தேடினார். வட்டமாக ஒரு ஓட்டை, அதை நோக்கி ஓர் அம்புக்குறி, பக்கத்தில் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை. பொட்டு வைக்க இடம் குறித்தே அனுப்பியிருக்கிறான் என்று நினைத்திருப்பார். ஓட்டையின் மேல் கெட்டியாக ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். கற்பூரம் காட்டினார். நானும் பக்தியோடு ஒற்றிக்கொண்டேன். இந்த டிஸ்க் செத்துத் திரும்பும்போது அந்தக் கேள்வியை அவரிடமே கேட்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. விமானம் பதினான்காயிரம் அடி ஏறி, வட்டமடித்து, ஒரு மணி நேரத்தில் இறங்கியது. டிஸ்க் ஒரு குறையும் இல்லாமல் ஓடியிருந்தது.

கோதண்டம் சார் ஷெட்டின் நடுவில் வந்து நின்றார். "தேவகி தொட்டப்ப ரெண்டு தடவை போச்சு. நான் தொட்டேன், ஓடிச்சு. இதுக்கு மேல புரூஃப் வேணுமா?" என்றார். மூன்றாவது மெமோ திங்கட்கிழமை வரும் என்று டைப்பிஸ்ட் எங்களிடம் வந்து காதைக் கடித்தாள். நான் செய்த உபகாரத்தில் தேவகிக்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டது. அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "நீ இன்னாக்கா பண்ணுவ, அவுரு கைராசி அப்டி" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

சனிக்கிழமை அந்த விமானத்தை ஓட்டும் கேப்டன் ஜோசப் அந்த மெஷினையும் தூக்கிக்கொண்டு எங்கள் ஷெட்டுக்கு வந்தார். டிஸ்க் ஓடியதே, பாராட்ட வந்திருக்கிறார் என்று மேனேஜர் காபி வரவழைத்தார். அவர் பாராட்ட வரவில்லை. ஏன் ஓடியது என்று கேட்க வந்திருந்தார்.

"ரெண்டு ஓடல, ஒன்னு ஓடுது. காரணம் தெரியாம நான் மலைக்கு மேல எடுத்துட்டுப் போக முடியாது. அந்த உயரத்துல நானே மூக்குல ஆக்சிஜன் குழாய் மாட்டிட்டுத்தான் ஓட்டுறேன்" என்றார்.

இத்தனை நாள் நாங்கள் எல்லாரும் ஆராய்ந்தோம், பூவைத் தடை செய்தோம், பூஜை போட்டோம். அங்கே பறக்கிற மனிதரிடம் அங்கே எப்படி இருக்கும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் நேராக ஓடிப்போய்க் கையேட்டை அவர் முன்னால் வைத்தேன். அவர் ஒரு முறை படித்தார். ஓட்டையைப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார். "சோதிச்சுப் பாக்கலாமா?" என்றார்.

பக்கத்து ஷெட்டில் மோட்டார் காயிலுக்கு வார்னிஷ் ஏற்றுவார்கள். அதற்கு ஓர் இரும்புத் தொட்டி. மூடியை இறுக்கி, பம்ப் போட்டுக் காற்றை உறிஞ்சினால் வார்னிஷ் காயிலின் சந்துபொந்துக்கெல்லாம் போகும். பக்கவாட்டில் உள்ளே பார்க்கத் தடித்த கண்ணாடி. தொட்டியைச் சுத்தம் செய்து, மேல்தகட்டைக் கழற்றிய கம்ப்யூட்டரை உள்ளே வைத்தோம். கேபிள்களை ஒரு துளை வழியாக வெளியே இழுத்துப் பசை வைத்து அடைத்தோம். கேப்டன் தன் ஜீப்பிலிருந்து ஒரு பழைய உயரமானியைக் கொண்டு வந்து கண்ணாடிக்கு நேராக உள்ளே வைத்தார். பம்ப் ஓட ஓட உயரமானியின் முள் ஏறியது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில், வார்னிஷ் நாற்றத்துக்கு நடுவில், தொட்டி மட்டும் மலை ஏறிக்கொண்டிருந்தது.

முதலில் பொட்டு இல்லாத புது டிஸ்க். பொருத்தியவள் நான். பதினோராயிரம் அடி தாண்டியதும் திரையில் பிழைச்செய்தி வந்தது. தொட்டியில் காதை வைத்துக் கேட்டால், ஸ்லேட்டில் ஆணியால் கீறுகிற மாதிரி ஒரு சத்தம். விமானத்தின் இரைச்சலில் யார் காதிலும் விழாத அந்தச் சத்தத்தை அன்றுதான் கேட்டோம். தேவகி காதைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்து மேனேஜர் கைராசி டிஸ்க். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. ஓடியது. கோதண்டம் சார் எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார். அவர் புன்னகை முடிவதற்குள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், காய்ந்து வெடித்திருந்த சந்தனப் பொட்டு டிஸ்கிலிருந்து தெறித்து விழுந்தது. உள்ளே அடைபட்டிருந்த காற்று தள்ளிவிட்டது. பத்து எண்ணுவதற்குள் அதே கீறல் சத்தம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சந்தனம் ஈரமாக இருந்தவரை ஓட்டையை அடைத்திருந்தது, டிஸ்க் தன் உள்காற்றில் பிழைத்திருந்தது. காய்ந்ததும் போய்விட்டது. தேவகி கையும் காரணமில்லை, மேனேஜர் கையும் காரணமில்லை.

"சார், என் விமானம் ஆறு மணி நேரம் பறக்கும். நடுநடுவுல சந்தனம் அரைச்சு வைக்கப் பூசாரிக்கு அதுல சீட் இல்ல" என்றார் கேப்டன்.

இப்படியொரு நிலையில் வேறு யாராக இருந்தாலும் வெட்கப்பட்டிருப்பார்கள். கோதண்டம் சார் பேனா மூடியைக் கழற்றி, "அப்ப காத்த உள்ளயே அடைச்சு வெக்கணும். அதைத்தான் நான் மொதல்லருந்தே சொல்றேன்" என்றார்.

காற்றை அடைத்து வைக்க என்ன பாத்திரம்? உள்ளே அழுத்தம் அதிகம், வெளியே குறைவு. அந்த நிலையைத் தாங்கும் பாத்திரம் எல்லார் வீட்டு அடுப்பிலும் இருந்தது. அம்பத்தூர் ஓ.டி. கடைத்தெருவில் பெரிய பிரஷர் குக்கர் ஒன்று வாங்கினோம். வெயிட் போடும் குழாயை எடுத்துவிட்டு, அந்தத் துளை வழியாகக் கேபிளை விட்டு அடைத்து, டிஸ்கை உள்ளே வைத்தோம். அலுமினியம் என்பதால் சூடும் வெளியேறும். குக்கர் என்று பில் போட்டால் ஆடிட்டர் சிரிப்பார் என்று, கோதண்டம் சார் அதற்கு ஏர்போர்ன் டிஸ்க் என்க்ளோஷர் என்று பெயர் வைத்தார். தொட்டியில் ஒரு பகல் முழுக்கப் பதினான்காயிரம் அடியில் ஓடவிட்டோம். ஓடியது.

ஆனால் தொட்டியில் ஓடுவது வேறு, குலுங்கிக்கொண்டு பறக்கும்போது ஓடுவது வேறு. மெமோவை ரத்து செய்ய மேனேஜருக்கு மனமில்லை. "ஃப்ளைட் ரிசல்ட் வரட்டும், பாப்போம்" என்றார். டைப் செய்த காகிதம் அவர் மேசையிலேயே கிடந்தது, தேதி மட்டும் போடாமல்.

மீனம்பாக்கத்தில், விமானத்தின் பக்கத்தில், குக்கரின் கடைசி வேலை பாக்கி இருந்தது. கேஸ்கட் போட்டு மூடியைத் திருகிப் பூட்ட வேண்டும். ஐந்து பேர் நின்றோம். ஒருவருக்குத் தாகம் எடுத்தது, ஒருவருக்குச் செருப்பு வார் கழன்றது. பழக்கம் அப்படி. நான் கையை நீட்டினேன். தேவகி என் கையைத் தள்ளிவிட்டாள். "உனக்கு இன்னாத்துக்குக்கா வம்பு? சோத்துக்குத் தெனம் மூடறேன், எனக்குத் தெரியாதா?" என்று பூட்டினாள்.

"கடைசியா தொட்டவங்களே கூடப் போய்ப் பாத்துக்கட்டும்" என்றார் கோதண்டம் சார்.

கேப்டன் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். மேனேஜரின் வயிற்றில் அவர் பார்வை சற்று அதிக நேரம் நின்றது. "இவங்கதான் வெயிட் கம்மி. வாங்கம்மா" என்றார். முத்தாபுதுப்பேட்டை தாண்டி மின்சார ரயில் ஏறுவதையே பெரிய பயணமாக நினைப்பவள், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு விமானத்தில் ஏறினாள். அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். டிஸ்க் போனால் அவள் வேலை போகும். விமானத்துக்கு ஏதாவது ஆனால் என்று நினைக்கவே பயமாக இருந்தது. இரண்டுக்கும் சேர்த்து எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். ஒருவருக்கும் பொட்டு வைக்கவில்லை.

மதியம் தாண்டி விமானம் இறங்கியது. கேப்டன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். ஒரு பதிவும் விடுபடவில்லை. தேவகி மெல்ல இறங்கினாள். மூக்கைச் சுற்றி ஆக்சிஜன் குழாயின் தடம் பதிந்திருந்தது. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லிட்டிருந்தது.

"மேல காத்தே இல்லக்கா. கொழாய கொஞ்சம் நவுத்திப் பாத்தேன், கண்ண இருட்டிகினு வந்துச்சு. அன்னிக்கு அந்த டிஸ்கு கத்துச்சே, அதும் மேல எனக்கு பாவமா பூடுச்சு."

நான் அழுதுவிட்டேன். அழுகைக்கு நடுவிலும் கோதண்டம் சார் அந்தக் கேள்வியைக் கேட்பார் என்று காத்திருந்தேன். ஓடாத மெஷினுக்குக் கேட்கிறவர், ஓடிய மெஷினுக்கும் ஒரு முறை கேட்கலாம் அல்லவா? அவர் சர்வே கம்பெனிக்காரர்களை நோக்கிப் போனார். பேனா மூடியைக் கழற்றிச் செருகினார்.

"இந்தத் தடவை யாரையும் நம்பல. மூடியைக் கடைசியா பர்சனலா நானே பூட்டினேன்" என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. இரண்டு எட்டு வைத்திருப்பேன். தேவகி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"உடுக்கா. இத்தினி பேர் எதிர்ல அவுரு வாயாலயே சொல்லிட்டாரு, கடைசியா தொட்டது அவுருதான்னு. இனிமே கெட்டா மெமோ யாருக்கு?"

அந்த மெஷின் பிறகு பலமுறை பழுதாகி ஷெட்டுக்குத் திரும்பி வந்தது. கோதண்டம் சார் ஒவ்வொரு முறையும் பேனாவை எடுப்பார், மூடியைக் கழற்றுவார், எங்கள் எல்லாருடைய முகத்தையும் பார்ப்பார், மறுபடி மூடிவிடுவார். தேவகியின் மூன்றாவது மெமோவில் கடைசிவரை தேதி விழவில்லை.